பின்வாசல் இல்லாத நாற்பது வீடுகள்

போன மாதம் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒரு பெண் கணினியில் ஒரு வீட்டைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே சுவரே இல்லை. "ஏம்மா, இங்க சுவர் வைக்கல?" என்று கேட்டேன். "இப்ப இதான் மேடம் ட்ரெண்டு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகம் சுண்டிப்போனது. உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை பெண்ணே. இருபத்தைந்து வருடத்தில் இதே பதிலை எத்தனை பேர் எத்தனை பெயரில் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தேன். நானும் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையை எழுதித் தருகிறேன் என்று அன்றைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். செங்கல் கணக்கும் கலவை விகிதமும் இதில் இருக்காது. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூற்று மூன்றில். விழுப்புரம் தனி மாவட்டமான சமயம் அது. திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய், ஒரு கட்டட வடிவமைப்பாளரிடம் படம் வரைந்துகொண்டிருந்தேன். மாவட்டத் தலைநகர் ஆகிவிட்டோம் என்ற மிதப்பு ஊர் முழுக்க இருந்தது. வீடு கட்ட வருகிறவர்கள் எல்லாருக்கும் கலெக்டர் ஆபீஸ் மாதிரி முகப்பு வேண்டும். நெல் வியாபாரி ஒருவர் நான்கு தூண் வைத்த போர்ட்டிகோ கேட்டார். "காரு வாங்கப் போறீங்களாண்ணே?" என்று கேட்டேன். "காரு இன்னாத்துக்கு? அதான் ஜில்லா ஆயிடுச்சில்ல!" என்றார். அந்த போர்ட்டிகோவில் கடைசிவரைக்கும் ஒரு மொபெட்டும் காயப்போட்ட மல்லாட்டையும்தான் இருந்தன. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். பிற்பாடு நான்கு வழிச் சாலை வந்தது. எல்லாருக்கும் ரோட்டைப் பார்த்த கண்ணாடிச் சுவர் வேண்டும் என்று ஆனது. வெயில் தாங்காமல் உள்ளே திரை போட்டு மூடிக்கொண்டார்கள். காலம் எதற்காவது ஆசைப்பட்டுக்கொண்டே இருக்கும், நாம் அதைக் கோடாக இழுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்போம். இதெல்லாம் வீண்செலவோடு போய்விடும்.

ஆசை நல்ல ஆசையாக இருக்கும்போதுதான் பேஜார். அப்போது யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் சமத்துவம் என்ற சொல் எல்லார் வாயிலும் இருந்தது. எல்லாச் சாதியும் கலந்து குடியிருக்கும்படி ஊர்களைக் கட்டலாம், பக்கத்துப் பக்கத்தில் வீடு இருந்தால் மனசும் பக்கத்தில் வந்துவிடும் என்று மனிதர்கள் உண்மையாகவே நம்பினார்கள். நானும் நம்பினேன். அப்போதுதான் ஒரு அறக்கட்டளை விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காணையைத் தாண்டி ஒரு கரும்புக்கொல்லையை வாங்கி, அதில் நாற்பது வீடு கட்டும் வேலையை எங்கள் சாரிடம் கொடுத்தது. ஊர்த்தெருவிலிருந்து இருபது குடும்பம், காலனியிலிருந்து இருபது குடும்பம். வீட்டுக்கு வீடு மாற்றி மாற்றிக் குடிவைப்பதாகவும், வீட்டைப் பெண்கள் பெயரிலேயே எழுதிக் கொடுப்பதாகவும் ஏற்பாடு.

சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம். மயிலம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, சென்னையில் படித்து, அங்கேயே இருக்கச் சொல்லிப் பலர் கூப்பிட்டும் விழுப்புரத்தில் வந்து கடை விரித்தவர். குரலை உயர்த்த மாட்டார். தப்பான கோட்டைப் பார்த்தால் ஒன்றும் சொல்லாமல் அழிரப்பரை எடுத்து நம் பக்கம் தள்ளிவிடுவார். இந்த நாற்பது வீட்டு வேலை வந்த அன்று எங்கள் நான்கு பேரையும் உட்காரவைத்து, என்னிடம் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

சிறுவயதில் அவருடைய அம்மா ஒரு பெரிய வீட்டுக்கு வேலைக்குப் போவார். நாள்கிழமை என்றால் இவரும் கூடப் போய் அந்த வீட்டின் பின்வாசலில் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளேயிருந்து கை படாமல் சோற்றைத் தூக்கிப் போடுவார்கள். "அந்த வீட்டுக்கு முன்பக்கம் எப்படி இருக்கும்னு எனக்குப் பதினெட்டு வயசுவரைக்கும் தெரியாது" என்றார். பிறகு பென்சிலை எடுத்தார். "இந்த நாப்பது வீட்டுல எதுக்கும் பின்வாசல் கிடையாது. யார் வந்தாலும் முன்வாசல்ல வரணும், முன்வாசல்ல போகணும். நிக்க வைக்கிறதுக்கு ஒரு பின்பக்கமே இருக்கக்கூடாது."

நான் கிறிஸ்தவக் குடும்பம். சின்ன வயதில் நாங்கள் பூசைக்குப் போன கோயிலில் ஒரு பக்கவாசல் உண்டு, அதில் யார் நுழைவார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்த வார்த்தை எனக்குள் நேராக இறங்கியது. அன்றைக்கே உட்கார்ந்து படத்தை வரைந்து முடித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் வரைந்ததில்லை.

ஆனால் படத்தின் மூலையில் தலைப்பு எழுதும்போது, கை போன போக்கில் 'நாற்பது வீட்டுக் காலனி' என்று எழுதித் தொலைத்தேன். பட்டணத்தில் காலனி என்றால் கௌரவம். எங்கள் பக்கத்தில் காலனி என்றால் ஊருக்கு வெளியே யாரை ஒதுக்கி வைத்திருக்கிறார்களோ அவர்களுடைய தெரு. திண்டிவனத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஒரு பெரிய லட்சியத்தில் மூழ்கியிருக்கும்போது கண்ணுக்கு முன்னால் இருப்பது தெரியாது என்பதற்கு இதைத்தான் சொல்கிறேன்.

குடும்பங்களை எல்லாம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூட்டி, மேசைமேல் தெர்மகோலில் செய்த மாதிரி வீட்டை வைத்து, படத்தைச் சுவரில் மாட்டினோம். மாட்டிய கையோடு ஊர்த்தெருக்காரர் ஒருவர் எழுந்துவிட்டார்.

"காலனின்னு போட்டுக்கிறீங்களே சார்! அப்ப நாங்க வூட்ட வுட்டுட்டுக் காலனிக்கு வரணும்ங்கிறீங்களா?"

காலனிக்காரர் ஒருவர் இந்தப் பக்கம் எழுந்தார். "வந்தா இன்னாண்ணே? நாங்க இவ்ளோ நாளா அங்கதான குடியிருக்கிறோம், செத்தா பூட்டோம்?"

ஒன்றரை மணி நேரம் அந்த ஒரு சொல்லிலேயே போனது. நான் சுவரோரமாகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். கடைசியில் சார் எழுந்து போய், என்னைத் திரும்பியும் பார்க்காமல், பேனாவால் அந்தச் சொல்லை அடித்துவிட்டுக் 'குடியிருப்பு' என்று எழுதினார். அதற்குள் கூட்டத்தை முடிக்கும் நேரம் வந்துவிட்டது. பெண்களிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

ஆண்கள் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் ஒருத்தி மட்டும் மேசைக்கு வந்து தெர்மகோல் வீட்டின் கூரையைத் தூக்கி உள்ளே பார்த்தாள். பிறகு வீட்டையே தூக்கித் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மல்லாட்டை உடைக்கிற மில்லில் வேலை செய்பவள், முப்பது வயது இருக்கும், பெயர் அஞ்சலை. அவள் எந்தத் தெருக்காரி என்று நான் சொல்லப்போவதில்லை. அவள் சொன்ன விஷயத்தில் இரண்டு தெருவுக்கும் வித்தியாசம் கிடையாது.

"பின்னால வழி எங்க மேடம்?"

"பின்வாசல் கிடையாதும்மா" என்று ஆரம்பித்து, சார் சொன்ன கொள்கையை அழகாக எடுத்துச் சொன்னேன். யாரையும் பின்னால் நிற்கவைக்கக் கூடாது, எல்லாரும் முன்னால்தான் வரவேண்டும். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"நல்ல எண்ணந்தான் மேடம். ஆனா வாம்மான்னு கூப்புட்டு உக்கார வைக்கிறவங்க மட்டுமா முன்னால வர்றாங்க? அடிக்க வர்றவனும் முன்னாலதான் வர்றான்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் குரலை இறக்கினாள். அவள் புருஷன் விக்கிரவாண்டியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். குடிக்காத நாளில் வாய் திறக்க மாட்டான். குடித்த நாளில் வாசலில் நின்று செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். "இப்ப இருக்கிற வூடு கீத்துத் தட்டி. அவரு முன்னால வர்ற சத்தம் கேட்டா நான் பின்னால தட்டிய ஒதுக்கிக்கினு போயிடுவேன். மில்லு பக்கம் சுத்திக்கினு இருந்துட்டு, போதை எறங்குனப்புறம் வருவேன். நீங்க கட்டுறது கல்லு வூடு. உள்ள மாட்டிக்கினா எங்க போவேன்?" பிறகு சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம். மானம் பூடும்."

மறுநாள் காலை சாரிடம் போனேன். "சார், பின்பக்கம் ஒரு வழி கேக்கறாங்க."

"யாரு?"

"பொம்பளைங்க சார்."

"எதுக்கு?"

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். அஞ்சலையின் பெயரைச் சொல்லாமலே விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். நான் மென்று விழுங்கி, "பாத்திரம் தேய்க்க சார்" என்றேன்.

"பக்கவாட்டுல ஒரு கல்லு போட்டுக் கொடு." கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார். "செசிலி, நான் பாத்திரத்தப் பிடிச்சிக்கிட்டு நின்ன கதைய உன்கிட்ட சொல்லியிருக்கேன்ல?"

"சொல்லியிருக்கீங்க சார்."

"அப்ப அந்தப் பேச்சு வேணாம்."

வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். பயம் இல்லை, வெட்கம். பாத்திரத்தோடு நின்ற ஒரு சின்னப் பையனை எதிர்த்து எப்படி வாதாடுவது? ஒருவருடைய காயத்திலிருந்து வரும் கொள்கையோடு தர்க்கம் செய்ய யாருக்கும் நா எழாது. அதனாலேயே அப்படிப்பட்ட கொள்கைக்கு எதிரே நிற்கும்போதுதான் கட்டாயம் வாயைத் திறக்க வேண்டும். இது எனக்கு அப்போது தெரியவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். சமையலறையின் பின்சுவரில் இரண்டடி அகலத்துக்கு ஒரு ஜன்னல் இருந்தது. அதை மூன்றடியாக்கினேன். வெளிச்சத்துக்கு என்று சொன்னபோது சார் மறுக்கவில்லை. பிறகு சைட்டுக்குப் போய் மேஸ்திரி ஏழுமலையைத் தனியாக அழைத்து, ஜன்னலுக்குக் கீழே தரைவரைக்கும் உள்ள கட்டுமானத்தைப் பக்கச் சுவரோடு கோர்க்காமல் தனியாக அடுக்கி, மேலே பூசிவிடச் சொன்னேன். என்றைக்காவது வேண்டுமென்றால் அந்தக் கல்லை மட்டும் எடுத்துவிட்டு ஒரு கதவை மாட்டிவிடலாம்.

ஏழுமலை படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது ஜன்னலா கதவா மேடம்?"

"ஜன்னல்தான் மேஸ்திரி."

"சாருக்குத் தெரியுமா?"

நான் படத்தைச் சுருட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நாப்பது வூட்டுக்குமா?" என்று மட்டும் கேட்டார். நாற்பதுக்கும் என்றேன்.

வீடுகள் எழும்பின. குடிவந்தார்கள். ஒன்றை நான் மறைக்கக் கூடாது, சாருடைய கொள்கை பலித்தது. நான் ஒரு நாள் மதியம் போயிருந்தபோது, அந்தக் கூட்டத்தில் 'காலனிக்கா வரணும்' என்று எகிறிய அதே மனிதர், காலனியிலிருந்து வந்த ஒருவருடைய முன்கூடத்தில் சம்மணம் போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நெளிந்து, "பின்னால வழியே வெக்கல, வேற எங்க போறது மேடம்!" என்று சிரித்தார். சாரிடம் வந்து சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அந்த நேரத்தில் போய் அஞ்சலையைப் பற்றி எப்படிச் சொல்வது? கதவு மாட்டும் விஷயத்தை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன். அப்படியே ஏழெட்டு மாதம் போய்விட்டது.

ஒரு நாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். அன்று மாலை சார் திண்டிவனத்துக்குப் போய் அறக்கட்டளைக்காரர்களிடம் அடுத்த நாற்பது வீட்டுக்கான படத்தைக் கொடுக்க வேண்டும். மயிலம் ரோட்டில் இடம், அதே மாதிரி வீடு, அதே மாதிரி பின்வாசல் இல்லாத சுவர். படத்தைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தேன். ஏழுமலை மேஸ்திரி படியேறி வந்தார். சட்டையெல்லாம் செங்கல் தூசி.

"மேடம், அஞ்சலைய ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துக்கிறோம். உசுருக்கு ஒண்ணுமில்ல. கைதான்…"

நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். மேஸ்திரி நின்றபடியே சொன்னார். மதியம் அவள் புருஷன் வந்து முன்கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டான். அவள் சத்தம் கேட்டுத் தெருவே ஓடிவந்தது. கதவை இடித்தார்கள், அசையவில்லை. நல்ல தேக்குக் கதவு, சார் பார்த்துப் பார்த்துப் போட்டது. பின்பக்கம் ஓடினார்கள். அங்கே ஜன்னல், அதில் கம்பி.

"பெரிய ஜன்னலுங்களா, உள்ள நடக்கிறதெல்லாம் நல்லாத் தெரியுது மேடம். உலக்கையால அடிக்கிறான். அவ சுவத்த ஒட்டிக்கினு உக்காந்துக்கிறா. எல்லாம் கம்பியப் பிடிச்சிக்கினு கத்துறாங்க. பாக்கத்தான் முடியுது. நான் பக்கத்துக் கொல்லையில வேல செஞ்சிக்கினு இருந்தேன், சத்தங்கேட்டு ஓடியாந்தேன். கடப்பாறைய எடுத்துக் கீழ நாலு போடு போட்டேன். நீங்க சொன்ன கல்லுதான், மளமளன்னு வந்துடுச்சு. அந்தப் பொந்துல ஒருத்தர் பின்னால ஒருத்தரா மண்டி போட்டு உள்ள பூந்தோம். ஊர்த்தெருக்காரன், காலனிக்காரன் எல்லாந்தான். அவன இழுத்துப் போட்டுட்டு அவளத் தூக்கிக்கினு வந்தோம்." மூச்சு வாங்கிக்கொண்டு மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். "கொஞ்சம் ஜல்தியா வந்திருந்தா கையும் தப்பிச்சிருக்கும்."

சார் உள் அறையில் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். வண்டி கீழே வந்து நின்றுவிட்டது. படச்சுருள் என் கையில் இருந்தது. இப்போது சொல்லாவிட்டால் இன்னும் நாற்பது சுவர் எழும்பும். சொன்னால் நான் செய்ததும் வெளியே வரும். உள்ளே போனேன். "சார், இந்தப் படத்த இன்னைக்குக் கொடுக்காதீங்க" என்று ஆரம்பித்து, வகுப்பறையில் அஞ்சலை சொன்னதிலிருந்து மேஸ்திரி கடப்பாறை போட்டதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அவர் நடுவில் குறுக்கிடவே இல்லை. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நாப்பது வீட்டுலயும் அந்தச் சுவத்தைக் கோக்காமதான் வெச்சிருக்கியா?"

"ஆமா சார்."

"எனக்குத் தெரியாம."

"ஆமா சார்."

சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தார். "வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அஞ்சலை சுவரோரக் கட்டிலில் இருந்தாள். இடது கை தோளிலிருந்து விரல்வரைக்கும் மாவுக்கட்டு. முகம் ஒருபக்கம் வீங்கிக் கண் மூடியிருந்தது. சாரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு நின்றார். அவள்தான் முதலில் பேசினாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. அந்தப் பொந்த திரும்பி அடைச்சுடுவீங்களா?"

கை போய்க் கிடக்கிறாள், முகம் வீங்கிக் கிடக்கிறாள், அவளுக்கு அதுதான் கவலை. சார் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லம்மா. அங்க கதவு போட்டுடறோம்" என்றார்.

"தாப்பா உள்பக்கம் மட்டும் வெய்யிங்க சார். வெளிய ஒண்ணும் வேணாம். வெளிய வெச்சா மொதல்ல அத மாட்டிட்டுத்தான் முன்னால வருவாரு."

எனக்கு அது தோன்றியிருக்குமா? சத்தியமாகத் தோன்றியிருக்காது. சாருக்கும் தோன்றியிருக்காது. அவர் என் கையிலிருந்த படச்சுருளை வாங்கி, நடைபாதையில் இருந்த பெஞ்சில் விரித்து, மயிலம் ரோட்டு நாற்பது வீட்டின் பின்சுவரிலும் தன் கையால் கதவு வரைந்தார். பக்கத்தில் 'பின்கதவு. தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும்' என்று எழுதினார். கதவு வேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் பெண்களைத் தனியாகக் கேட்கவேண்டும் என்று அதற்குக் கீழே இன்னொரு வரி. எழுதி முடித்ததும் பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கதவு விஷயத்துல நீ நெனச்சது சரி, நான் நெனச்சது தப்பு. ஆனா நான் கையெழுத்து போட்ட படத்துல எனக்குத் தெரியாம ஒரு சுவர் நின்னுருக்கு செசிலி. அந்தப் பொம்பளைக்காக என்கிட்ட சண்ட போட்டிருந்தா அவளுக்கு அப்பவே கதவு கிடைச்சிருக்கும். நீ சண்ட போடல, ஒளிச்சு வெச்ச. இனிமே நீ வரைஞ்சதுல நான் எப்படி நம்பிக் கையெழுத்து போடுவேன்?" குரல் உயரவே இல்லை. "நாளைலேருந்து வர வேணாம்மா."

திண்டிவனம் பஸ்ஸில் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அந்தக் கல் கோர்க்காமல் இருந்ததால்தானே அவள் உயிர் பிழைத்தாள் என்று மனசுக்குள் ஆயிரம் வாதம். அவர் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு நாலைந்து வருடம் ஆயிற்று. ஒரு வாரம் வீட்டில் முடங்கிக் கிடந்துவிட்டு, எட்டுக்குப் பத்து அறை ஒன்றைப் பிடித்து மேசை போட்டேன். நீங்கள் இன்றைக்கு ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் அலுவலகம் பிறந்த கதை இதுதான். முதல் ஆறு மாதம் மாட்டுக்கொட்டகைக்குத்தான் பிளான் போட்டேன்.

காணைப் பக்கத்து நாற்பது வீட்டிலும் பெண்களைக் கேட்டு, வேண்டும் என்ற வீடுகளில் கதவு மாட்டினார்கள். இதை ஏழுமலை மேஸ்திரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆறு வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். "பின்னால ஒரு வாசலு இருந்தா நாளைக்கு எவனாவது எங்கள அங்க நிக்கச் சொல்லுவான். இதே இருக்கட்டும்" என்று அந்த வீட்டுப் பெண்களே சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆறு வீட்டுக்கும் சார் கல்லை எடுத்து முறையாகக் கோர்த்துக் கட்டிக் கொடுத்தார். ஆகவே பின்வாசல் நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. இந்த வீட்டுக்குள் யார் எப்படி வரவேண்டும் என்பதைக் காலம் நம் காதில் கத்திக்கொண்டே இருக்கும். அங்கே இருப்பவள் எப்படி வெளியே போவாள் என்பதை நீங்கள்தான் போய்க் கேட்கவேண்டும், அதுவும் அவளைத் தனியாகக் கேட்கவேண்டும். கேட்டதை மேசைமேல் வைத்துச் சத்தமாகச் சண்டை போடவேண்டும். என்னைப் போல் சுவருக்குள் ஒளித்து வைக்காதீர்கள்.

சார் அதன்பிறகு என்னோடு பேசவில்லை. கல்யாண வீடுகளில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். சில வருடம் முன்னால் காலமானார். இன்றைக்கும் எனக்கு அது வலிக்கத்தான் செய்கிறது.

அஞ்சலையை மறுபடி பார்க்க எனக்குத் தைரியம் வரவே பத்து வருடம் ஆனது. காணையில் வேறொரு வேலையாகப் போனபோது, பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். முன்கதவு திறந்துதான் இருந்தது. அவள் முறத்தில் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தாள். இடது கை முழங்கையில் நிமிரவில்லை, ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துப் புடைத்தாள். என்னைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்து, "வாங்கக்கா" என்று கூடத்தில் உட்காரவைத்தாள். முன்பு மேடம், இப்போது அக்கா. அந்தக் கையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. "மன்னிச்சுக்கோ அஞ்சல. அன்னைக்கே நான் சாருகிட்ட சொல்லியிருக்கணும்" என்றேன்.

"வுடுங்கக்கா. சொல்லாதீங்கன்னு நாந்தான சொன்னேன்?" என்று தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

சமையலறைப் பக்கம் பார்த்தேன். பின்கதவு சாத்தியிருந்தது, உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. தாழ்ப்பாளில் ஒரு பை மாட்டியிருந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் கேட்டேவிட்டேன்.

"அந்த வழியா போக வேண்டி வந்துதா?"

"ரெண்டு தபா போனேன். ஆஸ்பத்திரிலேருந்து வந்த புதுசுல ஒரு தபா, அப்பறம் பொங்கலுக்கு முன்னாடி ஒரு தபா. ரெண்டு தபாவும் பின்வூட்டுக்காரங்க உள்ள கூப்புட்டு உக்கார வெச்சாங்க."

"அப்புறம்?"

"மூணாந்தபா வெளியில செருப்பக் கழட்டுற சத்தம் கேட்டுது. எழுந்து பின்னால போனேன். தாப்பா மேல கையும் வெச்சிட்டேன். அப்பத்தான் யோசன வந்துது, என் பேருல இருக்கிற வூட்ட வுட்டுட்டு நான் எதுக்குப் போறேன்னு. பின்வூட்டுக்காரங்களக் கூப்புட்டேன். நாலு பேரு இந்தக் கதவு வழியா உள்ள வந்து என் பின்னால நின்னாங்க." அவள் வலது கையால் முறத்தை மடியில் இழுத்துக்கொண்டாள். "அப்பறம் நானே போய் முன்கதவ நல்லாத் தொறந்து வெச்சேங்கக்கா. அவரு துணிமூட்டைய எடுத்து வெளியில வெச்சேன். போயிட்டு வாங்கன்னு சொல்லல. போங்கன்னு சொன்னேன்."